பெருகிவிட்ட கலப்பின முயல்கள்: யாரிடம், எப்படிக் கொடுப்பது?

'பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜோடி முயல் வாங்கினோம். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது பெரிதும் சிறிதுமாக 19 இருக்கின்றன. வெள்ளை, சாம்பல், கறுப்பு வெள்ளை என்று எல்லா நிறமும் உண்டு. என்ன இனம் என்று தெரியவில்லை. தீவனம் கட்டுப்படியாகவில்லை. கறிக்குக் கொடுக்கப் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். பேசாமல் மலையில் விட்டுவிடலாம் என்கிறார் மாமனார். நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க வழி உண்டா?'

- வாசகி, சிங்கவரம், செஞ்சி வட்டம்.

வழி உண்டு. ஆனால், ஆள் தேடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கே ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் முயலைக் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் கூண்டுக்குள் குட்டி விழுந்துகொண்டே இருந்தால், ஊற்றுக்கண்ணை அடைக்காமல் கிணற்றை இறைக்கிற கதைதான்.

பசு, வெள்ளாடு போல முயல் பருவத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளிவரும். அதனால், ஏறக்குறைய எந்த நாளில் சேர்ந்தாலும் சினை பிடித்துவிடும். சினைக்காலம் 28 முதல் 32 நாள்கள். குட்டி போட்ட அன்றே ஆண் கூடவே இருந்தால், அன்றே மறுபடியும் சினையாகிவிடும். வயிற்றில் ஒரு ஈற்று, மடியில் ஒரு ஈற்று என்று தாய் தேய்ந்துபோகும். ஒரு ஈற்றுக்கு 4 முதல் 8 குட்டிகள் வரை சாதாரணம். சிறிய இன ரத்தம் கலந்த குட்டிகள் நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சிங்கவரம் வாசகி வீட்டில் இரண்டு வருடத்தில் 19 என்பது உண்மையில் குறைவான கணக்கு. இடையில் குட்டிகள் நிறைய செத்திருக்க வேண்டும். அல்லது, ஆண் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

'இரண்டும் பெண்' என்று சொல்லிக் கொடுத்தவர் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாதக் குட்டியில் ஆண், பெண் பார்ப்பது பழகிய கைக்கே தடுமாறும். ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகு பார்த்தால் தெளிவாகத் தெரியும். முயலை மடியில் மல்லாத்தி, வாலைக் கீழே தள்ளி, பிறப்புறுப்பின் மேல்பக்கத்தை இரண்டு விரல்களால் மெதுவாக அழுத்த வேண்டும். வட்டமாக, குழாய் நுனிபோல எழும்பி வந்தால் ஆண். நீளவாக்கில் பிளவுபோல இருந்து, ஆசனவாய்ப் பக்கம் சரிந்தால் பெண். மூன்று மாதத்துக்கு மேல் ஆன கிடாக்களுக்கு விதைப்பைகள் இரண்டு பக்கமும் முடியில்லாமல் நீளமாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: பயந்தால் முயல் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். எனவே, விதை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பெண் என்று முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால், கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரு கிடா தப்பிப் பெண்களோடு கிடந்தாலும் பிரித்ததில் பயனில்லை.

பெண்கள் கூடவே வளர்ந்தவையாக இருந்தால் இரண்டு மூன்றை ஒன்றாக வைக்கலாம். வளர்ந்த கிடாக்களை ஒன்றாக அடைக்கவே கூடாது. சாதுவான பிராணி என்று பெயர் வாங்கியிருந்தாலும், கிடாக்கள் சண்டையில் ஒன்றின் விதையை ஒன்று கடித்துக் குதறிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேவை. புதுக்கூண்டு செய்யப் பணம் போட வேண்டியதில்லை. பழைய கோழிக்கூண்டு, மூங்கில் தட்டி, வலை என்று கையில் இருப்பதை வைத்து 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தடுப்புகள் செய்துகொள்ளலாம். அடியில் முழுக்கக் கம்பிவலையாக இருந்தால் பாதம் புண்ணாகிவிடும். ஒரு பக்கம் பலகையோ சாக்கோ போட்டுவிட வேண்டும். தரையில் வைத்தால் கீரிப்பிள்ளை, பாம்பு, பூனை, தெருநாய் நான்குக்கும் விருந்து வைத்ததாகும்.

பிரித்தவுடனேயே பெண் முயல்களைக் கொடுக்க ஆரம்பித்துவிடக் கூடாது. நேற்றுவரை கிடாவோடு இருந்த பெண், நிச்சயமாகச் சினை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிரித்த நாளைச் சுவரில் எழுதிவைத்து, முழுதாக ஐந்து வாரம் கழியட்டும். அதற்குள் குட்டி போடாதவை காலி வயிறு என்று பொருள். அவற்றைத் தைரியமாகக் கொடுக்கலாம். குட்டி போட்டவை, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிற வரை தாயோடு இருக்கட்டும். ஆறு வாரத்திலேயே பால் மறந்துவிடும் என்றாலும், இடமும் தீவனமும் மாறுகிற அதிர்ச்சியைத் தாங்க இன்னும் இரண்டு வாரம் வேண்டும். ஐந்து வாரம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கொடுத்தால், ஒரு முயலை வாங்கிய வீட்டில் அடுத்த மாதம் ஏழு முயல் இருக்கும். சிங்கவரத்துப் பிரச்னை பக்கத்து ஊருக்குக் குடிபோகும், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பு நாள்களில் கிடாக்களுக்கும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் இடம் தேடலாம்.

ஆண்மை நீக்கம் செய்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். கன்றுக்கும் கிடாவுக்கும் செய்கிற நசுக்கும் இடுக்கியை முயலுக்குப் பயன்படுத்த முடியாது. மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டும். முயலுக்கு மயக்கம் கொடுப்பது நாய்க்குக் கொடுப்பதைவிட நுட்பமான வேலை. எனவே, பழக்கமுள்ள மருத்துவரிடம்தான் போக வேண்டும். செஞ்சிப் பகுதிக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில், புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. முன்கூட்டியே கேட்டு, நாள் வாங்கிக்கொண்டு போகலாம். நாய், பூனைக்குச் சொல்வதுபோல முதல் நாள் இரவு பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஆபரேஷன் முடிந்த கிடாவையும் ஆறு வாரம் வரை பெண்களிடம் சேர்க்கக் கூடாது. மிச்சம் இருக்கிற விந்து அதுவரை வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் செய்யக் கட்டுப்படியாகாது என்றால், வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்போகிற ஒன்றிரண்டு கிடாக்களுக்காவது செய்துவிட வேண்டும்.

மலையில் விடலாமா?

கூடவே கூடாது. மாமனாரின் யோசனை கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. 'அது காட்டுப் பிராணிதானே, பிழைத்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கையில் வந்தது. ஆனால், வீட்டு முயல் நம் காட்டுப் பிராணியே அல்ல. அதன் பூர்வீகம் ஐரோப்பா. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த முயலைப் பிடித்து, பல நூறு ஆண்டுகள் கூண்டில் வளர்த்து உருவாக்கியது. செஞ்சிக் குன்றுகளில் அவ்வப்போது குறுக்கே ஓடுகிற காட்டு முயல் வேறு பிராணி. அது வளை தோண்டாது. புல்லுக்கு அடியில் பதுங்கிக் கிடந்து, ஆபத்து வந்தால் ஓட்டத்தால் தப்பிக்கும். இரண்டும் சேர்ந்து குட்டி போடுவதும் நடக்காது. குரோமோசோம் எண்ணிக்கையே வேறு. ஒன்றுக்கு 44, மற்றதற்கு 48. சாம்பல் நிற முயலைக் காட்டி 'இது காட்டு முயல் கிராஸ்' என்று கூடுதல் விலை சொல்கிறவர்கள் பேச்சை நம்ப வேண்டாம்.

தட்டில் தீவனம் வைத்துப் பழக்கிய வெள்ளை முயலை சிங்கவரம் குன்றின் கரும்பாறையில் விட்டால், அது ஓடக்கூடத் தெரியாமல் நிற்கும். நாய்க்கும் நரிக்கும் முதல் நாள் இரவிலேயே இரையாகிவிடும். அதில் தப்பினால் வெயில். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை, வைகாசியில் செஞ்சிப் பாறைகள் இரவிலும் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் மண்டபத்தில் விட்டுவிட்டு வருவதும், ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவதும் இதே கணக்குதான். பசி, தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். சட்டம் போட்ட காலத்துத் தொகை அப்படியே நிற்கிறது. அதற்காகக் குற்றம் குற்றமில்லை என்றாகிவிடாது.

பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1859-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டைக்கு ஆகட்டுமே என்று இங்கிலாந்திலிருந்து ஓரிரு டஜன் முயல்களை வரவழைத்துத் தன் பண்ணையில் விட்டார். சில பத்தாண்டுகளில் அந்தக் கண்டத்தின் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் முயல்கள் மொட்டையடித்துவிட்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். 1950-ம் ஆண்டில் முயலைக் கொல்லும் வைரஸையே பரப்பினார்கள். இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. நம் ஊர் வெயிலும் நாய்களும் அப்படி நடக்கவிடாது. ஆனாலும், ஒரு மல்லாட்டைக் கொல்லைக்காரர் தன் நிலத்துக்குப் பக்கத்தில் முயலை அவிழ்த்துவிடுவதை விரும்பமாட்டார்.

என்ன இனம், என்ன விலை?

தமிழ்நாட்டில் இறைச்சிக்கு வளர்க்கிற முயல் இனங்கள் பெரும்பாலும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகிய மூன்றுதான். நீலகிரியில் சாண்டிநல்லா ஆடு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலை மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும் முயல் ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டுமே குளிர்ந்த மலை. அங்கே வளர்கிற முயலைப் பார்த்துவிட்டு வந்து, சமவெளியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் கூண்டு வைத்து நஷ்டப்பட்டவர்கள் உண்டு. சிங்கவரம் வாசகியின் முயல்களில் சிவப்புக் கண் வெள்ளையில் நியூசிலாந்து ரத்தமோ ஒயிட் ஜெயன்ட் ரத்தமோ, சாம்பலில் சின்சில்லா ரத்தமோ இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் அலங்கார இனம் ஏதாவது கலந்திருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர, 19-ம் அண்ணன், தங்கை, தாய், மகன் என்று தங்களுக்குள்ளேயே சேர்ந்து பிறந்தவை.

இதனால்தான் இவற்றைப் 'பண்ணை இனம்', 'இனவிருத்தி யூனிட்' என்று சொல்லி விற்கக் கூடாது. தூய இறைச்சி இனம் நல்ல தீவனத்தில் மூன்று மாதத்தில் 2 கிலோவை நெருங்கும். அலங்கார ரத்தம் கலந்தது அந்த வயதில் அவ்வளவு எடை வராது. உறவுக்குள் சேர்ந்தவற்றில் குட்டி எண்ணிக்கை குறையும். பல் கோணலாக முளைக்கிற குறையும் வரும். முயல் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. கோணல் பல் முயலுக்கு நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை பல்லை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தீனி தின்ன முடியாமல் சாகும். பண்ணை வைக்க நினைக்கிற ஒரு சிறு விவசாயியிடம் இவற்றைத் தள்ளிவிட்டால், அவருடைய முதலீடு மண்ணாகிவிடும்.

வாங்கும் பக்கத்திலும் ஒரு வார்த்தை. 'நாங்களே முயல் தருகிறோம், குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர்களிடம் 19 முயலைக் கொடுத்து, கூடவே பணமும் கட்டிவிடக் கூடாது. 2012-ம் ஆண்டில் ஈமு நிறுவனங்கள் பெருந்துறைப் பக்கத்தில் கவிழ்ந்தபோது, பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். தீவனமில்லாமல் நின்ற பறவைகளைக் காப்பாற்ற அரசுதான் தலையிட வேண்டியிருந்தது. திரும்ப வாங்குவதாகச் சொல்பவர் யாரிடம் விற்கிறார் என்று தெரியாத எந்த ஒப்பந்தமும் அதே வகைதான்.

வீட்டு வளர்ப்புக்குக் கலப்பினம் எந்த விதத்திலும் மட்டமில்லை. குட்டியிலிருந்து பிள்ளைகள் கையில் வளர்ந்த முயல், கூண்டில் ஆள் முகம் பார்க்காமல் வளர்ந்த தூய இனத்தைவிட எளிதாகப் பழகும். அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது?

'இலவசம்' என்று மட்டும் எழுதிப் போடாதீர்கள். இலவசமாகக் கிடைத்ததைக் கறிக்கு எடுத்துப் போகிறவரும், நாய்க்கு வேட்டை பழக்க வாங்கிப் போகிறவரும், நான்கு நாளில் சலித்து விட்டுவிடுகிறவரும் வந்து நிற்பார்கள். சிறு தொகை ஒன்று வைத்துக் கொடுப்பது லாபத்துக்காக அல்ல. கூண்டுக்கும் தீவனத்துக்கும் செலவழிக்க மனமுள்ளவரா என்று பார்ப்பதற்காக. அதைவிட நல்ல வழி, 'முதலில் கூண்டைச் செய்யுங்கள், செய்த பிறகு முயலை வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது. விளையாட்டுக்குக் கேட்கிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

முதலில் தேட வேண்டிய இடம் சொந்தபந்தமும், ஏற்கெனவே ஆடு, மாடு, கோழி வளர்க்கிற வீடுகளும்தான். அங்கே பச்சைத் தீவனம் இருக்கும். காலை, மாலை பிராணிகளைப் பார்க்கிற பழக்கமும் இருக்கும். காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் முயல் எருவைச் சொல்லலாம். மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து அதிகம்; சூடு இல்லாத எரு என்பதால், மட்க வைக்காமலேயே செடியைச் சுற்றிப் போடலாம். இரண்டு முயல் இருந்தால் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளம். கால்நடை மருந்தகத்தில், பால் சொசைட்டியில், உரக்கடையில் சொல்லிவைத்தால் செய்தி தானாகப் பரவும். விழுப்புரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களிலும், முயல் வளர்க்க ஆசைப்பட்டு விசாரிப்பவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கலாம். சென்னை ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளை அணுகுவதானால், இடம் இருக்கிறதா என்று கேட்காமல் முயலைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கக் கூடாது.

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோகலாமா என்ற எண்ணம் வரும். ஆட்டுக்குப் பேர்போன சந்தை அது. கூட்டம், நாய், வெயில், இரைச்சல் எல்லாம் சேர்ந்த இடத்தில் முயல் பயத்திலேயே செத்துப்போகலாம். வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று விசாரிக்கவும் அங்கே நேரம் இருக்காது.

கேட்டு வருகிறவரிடம் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும். வீட்டில் நாய், பூனை இருக்கிறதா? மதியத்தில் நிழல் எங்கே? ஊருக்குப் போனால் யார் தண்ணீர் வைப்பது? முயல் எட்டு, பத்து வருடம்கூட உயிரோடு இருக்கும் என்பது தெரியுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது என்று வாங்கினால், அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கிற வரை கூண்டில் முயல் இருக்கும். இதைக் கேட்டுச் சிலர் பின்வாங்குவார்கள், பின்வாங்கட்டும். கூட வளர்ந்த இரண்டு பெண்களையோ, ஆபரேஷன் செய்த கிடாவோடு ஒரு பெண்ணையோ ஜோடியாகக் கொடுப்பது நல்லது. ஒற்றை முயல் ஏங்கிப்போகும். ஆபரேஷன் ஆகாத கிடாவையும் பெண்ணையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அண்ணன் தங்கைதானே என்பதெல்லாம் முயலுக்குத் தெரியாது. ஒத்துவரவில்லை என்றால் பதினைந்து நாளைக்குள் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த வாக்கு இல்லாததால்தான் பல முயல்கள் ஏரிக்கரைக்குப் போகின்றன.

கறி விஷயத்தை மறைத்துப் பேசிப் பயனில்லை. முயல் கறி நம் ஊரில் சாப்பிடுகிற உணவுதான். கறிக்காக வளர்ப்பதில் குற்றமும் இல்லை. ஆனால், பிள்ளைகளிடம் 'மாமா வீட்டில் வளர்ப்பார்கள்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் கறிக்கு அனுப்புவது வேறு. ஒரு நாள் அது தெரிந்துபோகும். அதன் பிறகு வீட்டில் எந்தக் கன்றை விற்றாலும் பிள்ளைகள் பெரியவர்களை நம்பமாட்டார்கள். 19-ல் எத்தனைக்கு இடம் கிடைக்கும், கிடைக்காதவற்றை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுப்பதே சரி. எந்த இரண்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கறிக்கு என்று முடிவானால், சொறிக்கோ வேறு நோய்க்கோ மருந்து போட்ட முயலை எத்தனை நாள் கழித்துப் பயன்படுத்தலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொடுக்கும் முன், கொடுக்கும்போது

நோயுள்ள முயலைக் கொடுக்கக் கூடாது. காது உள்பக்கம், மூக்கு நுனி, பாத விரல்களில் சாம்பல் பூத்ததுபோல் செதில் இருந்தால் சொறி. மருத்துவரிடம் ஊசி போட்டால் குணமாகும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தை முயல் மேல் தடவிவிடாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயல் செத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதும் அப்படியே. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து கழிச்சல் கண்டுவிடும். குட்டிகளுக்கு வயிறு உப்பி, புழுக்கை இளகிப் போனால் ரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். தும்மலும் மூக்கொழுகலும் இருந்தால் தனியாக வைத்துவிட வேண்டும். எந்த முயலாக இருந்தாலும் அரை நாள் தீனி தொடவில்லை என்றால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தீவனம் கட்டுப்படியாகவில்லை என்கிறார் வாசகி. பெரும்பாலும் கடையில் வாங்குகிற தீவனத்தை நம்பியிருப்பதால் வருகிற செலவு இது. முயலுக்கு முக்கால் பங்குக்கு மேல் புல்லும் காய்ந்த தழையும்தான் தேவை. அருகம்புல், வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை, நன்றாகக் காய்ந்து பூஞ்சணம் பிடிக்காத மல்லாட்டைக் கொடி எல்லாம் ஆகும். வரப்போரம் விதைத்துவிட்டால் தானாக வளர்கிற ஒரு தீவனப் பயிருக்கு 'முயல் மசால்' என்றே பெயர். சோறு, பிரெட், பிஸ்கட் கூடாது. மருந்தடித்த வயல் புல், எருக்கு, அரளி, ஆமணக்கு, தக்காளிச் செடி, உருளைச் செடி எதையும் போடக் கூடாது. இடம் கிடைக்கிற வரை இந்த முறைக்கு மாறினாலே செலவு பாதிக்கு மேல் குறையும். திடீரென்று மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் சினிமாவிலும் மந்திரவாதி படத்திலும் வந்தது. ஒரு கை மார்புக்கு அடியிலும், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியிலுமாகத் தாங்கித் தூக்க வேண்டும். தொங்கவிட்டால் உதைத்துக்கொண்டு தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும்.

எடுத்துப்போவது விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ இருக்கட்டும். சாக்கில் கட்டி பஸ்ஸில் வைக்க வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் கிரேடு, அடியில் வைக்கோல், ஒரு கைப்பிடி புல் போதும். வாங்கிப்போகிறவரிடம் இரண்டு மூன்று நாளைக்கான பழைய தீவனத்தையும், பழைய கூண்டிலிருந்து ஒரு பிடி வைக்கோலையும் கொடுத்தனுப்புங்கள். வாசனை பழகியதாக இருந்தால் முயல் சீக்கிரம் தீனி எடுக்கும். பிறந்த மாதம், ஆணா பெண்ணா, ஆபரேஷன் ஆனதா, என்ன மருந்து போட்டது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் அங்கே உள்ள மருத்துவருக்கு உதவும். கோடையில் கூண்டின் மேல் ஈரச்சாக்கு போடவும், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலைக் கூண்டுக்குள் ஒரு மூலையில் வைக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது, பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம்.

'மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையில் இரண்டு காட்டு முயல் குட்டிகள் கிடந்தன. தாயைக் காணோம். வீட்டு முயலோடு சேர்த்து வளர்க்கலாமா?'

- வாசகர், மேல்மலையனூர்.

வளர்க்கக் கூடாது. காட்டு முயல் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பது, அடைத்து வைப்பது, பொங்கல் நாளில் வேட்டைக்குப் போவது எல்லாமே தண்டனைக்குரியவை.

குட்டி அனாதையாகக் கிடக்கிறது என்று நினைப்பதும் பெரும்பாலும் தவறு. வீட்டு முயல் குட்டி கண் திறக்காமல், முடியில்லாமல் பிறக்கும். கண் திறக்கவே பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். தாய் அதைப் புல் மறைவில் விட்டுவிட்டு, வேட்டைப் பிராணிகள் மோப்பம் பிடித்து வராதபடி பகலெல்லாம் தள்ளியே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வந்து ஒரு முறை பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். எனவே, குட்டி கிடந்த செத்தையைச் சுற்றி ஒரு பாத்தி அளவுக்குப் பிடுங்காமல் விட்டுவிட்டு, வேலையை அடுத்த பக்கத்தில் தொடரலாம். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். மனித வாசனைக்காகத் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். கொல்லை நாயை அன்று இரவு மட்டும் கட்டிவைத்துவிடுங்கள். காயம்பட்ட குட்டியாக இருந்தால், பசும்பால் ஊற்றாமல், ஒரு பெட்டியில் வைத்து வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.